சேற்றைக் கடைசியில் எண்ணிய குடா: சான் பிரான்சிஸ்கோ கழிமுகம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஆற்று நன்னீரும் கடலின் உப்புநீரும் கலக்கும் ஒரே கழிமுகத்தைக் கான்கிரீட்டில் ஒரு முறையும் ஒற்றை வரிச் சமன்பாட்டில் ஒரு முறையும் கணினியில் பல முறையும் செய்து பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ குடாதான் அது. கழிமுகங்களையும் கடலோரச் சதுப்புகளையும் மாதிரிகள் வழியாகப் புரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கு இந்தக் குடாவின் வரலாறு நல்ல பாடம். கேள்விகள் வந்த வரிசை அப்படி. முதலில் தண்ணீரைப் பற்றிக் கேட்டார்கள், அப்புறம் உப்பைப் பற்றி, கடைசியில்தான் சேற்றைப் பற்றி. என்னைக் கேட்டால் இந்த வரிசையே தலைகீழ். குடாவின் வடிவம், ஆழம், கலங்கல், ஓரத்துச் சதுப்புகள் எல்லாமே சேற்றின் மேல் நிற்கின்றன. அந்தச் சேற்றை ஒருவர் 1917லேயே எண்ணி எழுதியும் வைத்திருந்தார்.

இடத்தின் அமைப்பு

கலிபோர்னியாவின் பரப்பில் ஏறத்தாழ 40 சதவீதத்தின் நீர் இந்தக் குடா வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. வடக்கிலிருந்து சாக்ரமெண்டோ ஆறும் தெற்கிலிருந்து சான் வாக்கின் ஆறும் வந்து உள்நாட்டு டெல்டா ஒன்றில் சேர்கின்றன. அங்கிருந்து சூசூன் குடா, கார்கினெஸ் நீரிணை, சான் பாப்லோ குடா, நடுக் குடா என்று தாண்டி, கோல்டன் கேட் என்ற குறுகிய வாய் வழியாகத் தண்ணீர் பசிபிக்கில் விழுகிறது. தெற்குக் குடா இந்தப் பாதையிலிருந்து ஒதுங்கிக் கிடக்கும் ஒரு பை. பெரிய ஆறு எதுவும் அதில் விழுவதில்லை; ஓதமும் (கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம்) காற்றும்தான் அங்கே ஆட்சி.

வடபகுதியில் நடப்பதைக் கழிமுகங்களின் பாலபாடம் என்றே சொல்லலாம். உப்பு நீர் கனமானது, அடியில் உள்நோக்கி ஊர்கிறது. நன்னீர் லேசானது, மேலே கடலை நோக்கிப் போகிறது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஓதம் வலுவாக இருக்கும்போது இரண்டும் நன்றாகக் கலக்கின்றன. அட்டமியை ஒட்டி ஓதம் தளரும்போது அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கின்றன. ஆற்றோடு வந்த நுண்வண்டல் மேல்நீரிலிருந்து அடிநீருக்கு இறங்கினால் வந்த வழியே திரும்பி உள்ளே போகும். கழிமுகத்தின் நடுவில் ஒரு கலங்கல் பட்டை எப்போதும் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தெற்கில் கதை வேறு. குடாவின் பெரும்பகுதி ஆழமற்றது. கோடைப் பிற்பகல்களில் கடற்காற்று எழும்பும். வற்றத்தில் கிடக்கும் சேற்றுத்திட்டுகள் மேல் சிற்றலைகள் அடித்துச் சேற்றைக் கிளப்பிவிடும். அடுத்து வரும் ஏற்றம் அந்தக் கலங்கலை ஓடைகள் வழியாகச் சதுப்புக்குள் கொண்டுபோகும். காற்று சேற்றைத் தூக்குகிறது, ஓதம் சுமக்கிறது. இந்த இரண்டில் ஒன்றை விட்டுவிட்ட எந்த மாதிரியும் தெற்குக் குடாவுக்கு உதவாது.

கோல்டன் கேட்டில் 1854லிருந்து ஓதமானி ஓடுகிறது. மேற்கு அரைக்கோளத்திலேயே இடைவிடாத மிக நீண்ட பதிவு அது. மாதிரி செய்பவர்களுக்கு இப்படி ஒரு சொத்து வேறெங்கும் எளிதில் வாய்க்காது.

தங்கம் அனுப்பிய மண்

1850களில் சியரா நெவாடா மலைகளில் தங்கம் எடுக்கப் புது வழி ஒன்று வந்தது. குழாய்களில் அழுத்தத்தோடு தண்ணீரைப் பீய்ச்சி மலைச்சரிவையே கரைத்துவிடுவார்கள். கரைந்த சரளையும் மணலும் சேறும் ஆறுகளில் இறங்கின. ஆற்றுப் படுகைகள் உயர்ந்தன, வயல்கள் மூழ்கின, விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 1884 ஜனவரியில் நீதிபதி லொரென்சோ சாயர் அளித்த தீர்ப்பு, கழிவை ஆற்றில் விடக்கூடாது என்றது. சுரங்கமுறை அத்தோடு பெரும்பாலும் நின்றது. ஆற்றில் இறங்கிவிட்ட மண் நிற்கவில்லை.

அந்த மண் எங்கே போனது என்று துருவியவர் நிலவியலாளர் குரோவ் கார்ல் கில்பர்ட். அமெரிக்க நிலவியல் ஆய்வகத்துக்காக அவர் எழுதி 1917ல் வெளியான அறிக்கையில், சுரங்கங்கள் பெயர்த்த மண் பனாமா கால்வாய்க்காகத் தோண்டியதைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு என்று கணக்குப் போட்டார். 1849 முதல் 1914 வரை குடாக்களில் படிந்த வண்டலைச் சுமார் 88 கோடி கன மீட்டர் என்று மதிப்பிட்டார். ஆற்றுப்படுகையில் மண் ஓர் அலையைப் போல மெதுவாகக் கீழே நகர்கிறது என்றும் சொன்னார்.

நான் வியப்பது எண்களைக் கண்டு அல்ல. மலையில் தோண்டுகிற ஒருவனையும் கோல்டன் கேட்டுக்கு வெளியே இருக்கும் மணல்திட்டையும் அவர் ஒரே கணக்கில் கொண்டுவந்தார். குடாவில் மண் நிறைந்தாலும் சதுப்பை அணைகட்டி நிலமாக்கினாலும், ஒவ்வோர் ஓதத்திலும் உள்ளே வந்துபோகும் நீரின் அளவு குறையும். அது குறைந்தால் வாயில் நீரோட்டம் தளரும். ஓட்டம் தளர்ந்தால் வெளியே உள்ள மணல்திட்டின் நிலை மாறும்; அது கப்பல் வழியைப் பாதிக்கும். கணினி இல்லாத காலத்தில் செய்த இதைவிட முழுமையான கழிமுக மாதிரி ஒன்றை நான் படித்ததில்லை.

அவர் சொன்னதைச் சரிபார்க்கப் பழைய வரைபடங்கள் உதவின. 1850களிலிருந்து அமெரிக்கக் கடற்கரை அளவையர்கள் ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கிக் குடாவின் ஆழத்தைப் புள்ளி புள்ளியாக எடுத்திருந்தார்கள். பிற்காலத்தில் நிலவியல் ஆய்வகத்தார் அந்த வரைபடங்களைக் கணினியில் ஏற்றி, ஒரு காலத்து அடித்தளத்திலிருந்து இன்னொன்றைக் கழித்துப் பார்த்தார்கள். 1856க்கும் 1887க்கும் இடையில் சான் பாப்லோ குடாவில் மட்டும் 25 கோடி கன மீட்டர் அளவுக்கு வண்டல் படிந்திருந்தது. அதே குடா 1951க்கும் 1983க்கும் இடையில் மண்ணை இழந்துகொண்டிருந்தது. சுரங்கம் நின்றுவிட்டது, ஆறுகளில் அணைகள் எழும்பிவிட்டன, கரைகளுக்குக் கல் பதித்துவிட்டார்கள். வரவு சுருங்கிவிட்டது.

கான்கிரீட் குடா

ஜான் ரீபர் பொறியாளர் அல்ல, மேடை நாடகங்கள் தயாரித்தவர். 1940களில் அவர் முன்வைத்த திட்டம் பெரும் ஆதரவைப் பெற்றது. குடாவின் வடக்கிலும் தெற்கிலும் இரண்டு பெரிய அணைகள், அவற்றின் மேல் சாலையும் ரயிலும், அணைகளுக்கு அப்பால் இரண்டு நன்னீர் ஏரிகள். உப்புத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்பதுதான் அடிப்படை எண்ணம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நடக்குமா என்று பார்க்க அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படை சாசலிடோவில் ஒரு பழைய கப்பல் கட்டும் தளத்துக் கொட்டகைக்குள் குடாவையே கட்டியது. 1957ல் அது ஓடத் தொடங்கியது.

இதன் அளவீடுகளைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. கிடைமட்டத்தில் ஆயிரத்தில் ஒன்று, செங்குத்தில் நூற்றில் ஒன்று. ஏன் இரண்டும் வேறு? ஆழத்தையும் ஆயிரத்தில் ஒன்றாகச் சுருக்கினால் இரண்டு மீட்டர் ஆழமுள்ள இடம் இரண்டு மில்லிமீட்டராகிவிடும்; அதில் தண்ணீர் ஓடாது, ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆழத்தை நூற்றில் ஒன்றாக வைத்தால், ஈர்ப்பு விசையால் ஓடும் நீரின் வேகம் நூறின் வர்க்கமூலமான பத்து மடங்கு சுருங்குகிறது. தூரம் ஆயிரம் மடங்கு, வேகம் பத்து மடங்கு என்றால் காலம் நூறு மடங்கு சுருங்கும். 24 மணி 50 நிமிடமுள்ள ஓத நாள் அங்கே 15 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஓர் ஆண்டின் ஓதங்களை நான்கு நாளுக்குள் ஓட்டிவிடலாம்.

இதற்கு ஒரு விலை உண்டு. செங்குத்தாகப் பத்து மடங்கு மிகைப்படுத்திய குடாவில் சரிவுகள் எல்லாம் செங்குத்தாகிவிடுகின்றன. நிஜத்தில் இருக்கிற உராய்வு மாதிரியில் போதாமல் போகிறது. அதனால் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட செப்புப் பட்டைகளைக் கான்கிரீட் தரையில் நட்டார்கள். ஓதமானிகளில் பதிவான ஏற்றமும் வற்றமும் மாதிரியிலும் அதே நேரத்தில், அதே உயரத்தில் வரும்வரை இந்தப் பட்டைகளை வளைத்தும் திருப்பியும் சரிசெய்தார்கள். இன்று கணினி மாதிரியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் உராய்வு எண்ணை மாற்றி மாற்றிப் பொருத்துகிறோமே, அதே வேலைதான். அவர்கள் குறட்டால் செய்தார்கள்.

அணைகளை வைத்து ஓதத்தை ஓடவிட்டபோது ரீபர் திட்டம் சொன்னபடி வேலை செய்யாது எனத் தெரிந்தது. 1960களின் தொடக்கத்தில் அது கைவிடப்பட்டது. இந்த ஒரு பதிலுக்காகவே கட்டிய செலவு தகும் என்பேன். ஆனால் அந்தக் கான்கிரீட் குடாவின் தரை அசையாதது. தண்ணீர் எங்கே போகும் என்று அது சொல்லும். தரை எங்கே போகும் என்று சொல்லாது. நுண்சேற்றை நூற்றில் ஒன்றாகச் சுருக்கவும் முடியாது. சேற்றுத்துகள்கள் உப்புநீரில் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகின்றன. அந்த ஒட்டுதல் அளவீட்டுக்குக் கட்டுப்படாது.

உப்பின் ஒற்றை எண்

கார்கினெஸ் நீரிணைக் கரையில் குராக்கெட் என்ற ஊரில் ஒரு சர்க்கரை ஆலை உண்டு. சுத்திகரிப்புக்கு உப்பு மிகக் குறைந்த தண்ணீர் தேவை என்பதால், 1908லிருந்து ஆலையின் படகுகள் ஆற்றில் மேலே போய் நல்ல தண்ணீர் கிடைக்கும் இடத்தில் நிரப்பிக்கொண்டு வரும். எவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது என்று எழுதி வைத்தார்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் தூரம் நீண்டது. வணிகக் கணக்குக்காக எழுதிய அந்தக் குறிப்புகள், பிற்காலத்தில் உப்பின் நகர்வை ஆராய்பவர்களுக்குச் சான்றாகின.

1990களில் அதே எண்ணம் விஞ்ஞான வடிவம் பெற்றது. கோல்டன் கேட்டிலிருந்து உள்நோக்கி அளந்தால், அடிநீரின் உவர்ப்பு ஆயிரத்துக்கு இரண்டு என்று இருக்கும் இடம் எத்தனை கிலோமீட்டரில் வருகிறது? அந்தத் தூரத்துக்கு எக்ஸ்2 என்று பெயர். பல மீன், இறால் இனங்களின் எண்ணிக்கை அந்த எண்ணோடு ஏறி இறங்குவதாக 1995ல் வெளியான ஆய்வு காட்டியது. அதே ஆண்டு மாநில நீர்வள வாரியத்தின் நீர்த் தரத் திட்டத்திலும் அது ஏறியது.

எக்ஸ்2ஐ நாள்தோறும் கணிக்கும் சமன்பாடு ஒரே வரிதான். நேற்றைய எக்ஸ்2ஐ 0.945ஆல் பெருக்கு, 10.16ஐக் கூட்டு, டெல்டாவிலிருந்து வெளியேறும் நீரளவின் பத்தடி மடக்கையை (log) 1.487ஆல் பெருக்கிக் கழி. நீரளவு வினாடிக்குக் கன அடியில். இதில் இரண்டு சேதிகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, நினைவாற்றல்: ஆற்றில் திடீரென்று வந்த மாற்றத்தின் பாதி விளைவு தெரியவே சுமார் 12 நாள் ஆகும். இன்னொன்று, மடக்கை. நீர்வரத்தை இரட்டிப்பாக்கினால் எக்ஸ்2 சுமார் 8 கிலோமீட்டர் கடலை நோக்கி நகரும், எங்கிருந்து தொடங்கினாலும். 81 கிலோமீட்டரில் நிறுத்த வினாடிக்குச் சுமார் 200 கன மீட்டர் போதும். 75க்குக் கொண்டுவர 320 வேண்டும். 64க்குத் தள்ள 830. ஒவ்வொரு கிலோமீட்டரும் முந்தையதைவிட விலை கூடியது. கலிபோர்னியாவின் தண்ணீர்ச் சண்டைகள் ஏன் அவ்வளவு காரமாக இருக்கின்றன என்பது இந்த மூன்று எண்களிலேயே தெரிந்துவிடும்.

ஒற்றை வரி மாதிரி என்று இதை ஏளனம் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சட்டத்தில் எழுதவும் நீதிமன்றத்தில் வாதாடவும் எளிய மாதிரிதான் கைகொடுக்கும். ஆனால் அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். அது பழைய அளவீடுகளுக்குப் பொருத்திய சமன்பாடு. கடல் மட்டம் உயர்ந்தாலோ கப்பல் வாய்க்கால் ஆழமானாலோ அதே நீர்வரத்துக்கு உப்பு இன்னும் உள்ளே வரும். சமன்பாட்டுக்கு அது தெரியாது. உயிரினங்கள் வேறு தலைவலி. 1986ல் ஆசியாவிலிருந்து வந்த ஒரு சிறு சிப்பி சூசூன் குடாவில் காணப்பட்டது. ஓரிரு ஆண்டுகளில் அது பெருகி, நுண்பாசிகளை வடிகட்டித் தின்றே தீர்த்தது. நீரும் உப்பும் சத்தும் எல்லாம் பழையபடியே இருக்க, உணவுச் சங்கிலியின் அடிப்படை சரிந்துபோனது.

குரோனின் சேறு

பெர்க்லியில் பொறியாளர் ரே குரோன் இந்தக் குடாவின் சேற்றை நீண்ட தொட்டிகளில் ஓடவிட்டு 1962ல் தன் முடிவுகளை எழுதினார். கலங்கல் கூடக்கூடத் துகள்கள் அதிகம் மோதிக்கொள்கின்றன, பெரிய திரள்களாகின்றன, இன்னும் வேகமாக விழுகின்றன என்பது அதில் ஒன்று. ஓட்டத்தின் விசை ஒரு வரம்புக்குக் கீழே போனால்தான் படிவு நடக்கும் என்பது இன்னொன்று. இன்று உலகெங்கும் கழிமுக மாதிரிகளில் ஓடும் படிவுச் சூத்திரம் அவர் பெயரில்தான் வழங்குகிறது.

பிற்பாடு அவரே சதுப்பு எப்படி உயர்கிறது என்பதையும் கணக்காக்கினார். அதன் சாரத்தை ஒரு மனக்கணக்கில் காட்டலாம். லிட்டருக்கு 100 மில்லிகிராம் கலங்கலுள்ள நீர், தாழ்வான ஒரு தரைமீது ஒரு மீட்டர் ஆழம் நிற்கிறது. எல்லாச் சேறும் படிந்தால் சதுர மீட்டருக்கு 100 கிராம். படிந்த சேற்றின் உலர் அடர்த்தி கன மீட்டருக்கு 500 கிலோ என்றால் அது 0.2 மில்லிமீட்டர். ஆண்டுக்கு 705 ஏற்றங்கள். ஆக உச்ச வரம்பு 14 சென்டிமீட்டர். இப்போது உயர்ந்த சதுப்பைப் பாருங்கள். நாளின் பெரிய ஏற்றம் மட்டுமே எட்டுகிறது, அதுவும் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு. ஆண்டுக்கு 7 மில்லிமீட்டர்தான். நிஜத்தில் எல்லாம் படியாது, படிந்ததும் அமுங்கும், எனவே இரண்டுமே குறையும். ஆனால் போக்கு விளங்குகிறது: தாழ்ந்த தரை வேகமாக உயரும், உயர்ந்த தரை மெதுவாக. கடல் ஏறினால் நீர் ஆழமாகிறது, படிவும் கூடுகிறது. சதுப்பு தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது, நீரில் சேறு இருக்கும்வரை.

இதற்குத் தெற்குக் குடாவே சாட்சி. சாண்டா கிளாரா பள்ளத்தாக்கில் நிலத்தடி நீரை உறிஞ்சியதால் சான் ஹோசேயில் நிலம் சுமார் 4 மீட்டர் வரை தாழ்ந்தது. குடாவை ஒட்டிய அல்விசோ ஊர் கடல் மட்டத்துக்குக் கீழே போனது. கரைகளுக்கு வெளியே ஓதம் வந்துபோகும் இடத்தில் இருந்த சதுப்புகள் மட்டும் முங்கவில்லை. தாழத் தாழச் சேறு படிந்து ஈடுகட்டியது.

1999ல் தெளிந்த நீர்

அப்புறம்தான் திருப்பம். குடாவின் கலங்கல் பல ஆண்டுகள் பெரிய மாறுதல் இல்லாமல் இருந்து, 1999ல் சட்டென்று இறங்கியது. 1991–98 காலத்தோடு ஒப்பிட்டால் 1999–2007ல் 36 சதவீதம் குறைவு. இதைப் பகுத்து 2011ல் எழுதிய நிலவியல் ஆய்வகத்து ஆய்வாளர் டேவிட் ஷோல்ஹாமர் தந்த விளக்கம் எனக்கு ஏற்புடையது. சாக்ரமெண்டோ ஆறு கொண்டுவரும் வண்டல் 1957லிருந்து 2001க்குள் பாதியாகிவிட்டிருந்தது. ஆனால் குடாவின் அடியில் சுரங்கக் காலத்துச் சேறு குவிந்து கிடந்ததால், அலையும் ஓதமும் தூக்கும் அளவுக்குத் தூக்கிக்கொண்டே இருந்தன. குதிரில் நெல் இருக்கும்வரை விளைச்சல் குறைந்தது அடுக்களையில் தெரியாது. எளிதில் அரிக்கக்கூடிய அந்த இருப்பு தீர்ந்ததும், கலங்கலை நிர்ணயிப்பது நீரின் வலிமை என்ற நிலை மாறி, வரவு என்ற நிலை வந்துவிட்டது.

மாதிரி செய்பவர்களுக்கு இது பெரிய இடி. அடித்தட்டில் தீராத சேறு இருப்பதாக எடுத்துக்கொள்ளும் மாதிரி 1990கள் வரை அழகாகப் பொருந்தும், அதன்பின் பொய் சொல்லும். எனவே அடித்தட்டின் வரலாற்றையே கணக்கில் கொண்டுவர வேண்டியதாயிற்று. சூசூன் குடாவுக்கு 1867 முதல் 1887 வரையிலான படிவை மாதிரியில் திரும்ப நிகழ்த்திப் பார்த்தார்கள். பின்னர் சான் பாப்லோ குடாவுக்கும். ஓதத்தை நிமிடக் கணக்கில் ஓட்டிக்கொண்டு இருபது, முப்பது ஆண்டுகளைக் கடப்பது பெரிய சுமை. அதனால் குறுகிய காலத்தில் நேரும் அடித்தள மாற்றத்தை ஒரு காரணியால் பெருக்கிக் காலத்தை முடுக்கினார்கள். ஒவ்வொரு புள்ளியும் பொருந்தவில்லை. எங்கே திட்டு வளரும், எங்கே வாய்க்கால் நிற்கும் என்ற வடிவம் பெருமளவு வந்தது. அதைச் சரிபார்க்கப் பயன்பட்டது அந்த ஈயக் குண்டுக் கயிற்றின் அளவுகள்தான்.

உப்பளக் கரையை உடைத்தபோது

2003ல் அரசுகள் கார்கில் நிறுவனத்திடமிருந்து தெற்குக் குடாவில் 15,100 ஏக்கர் உப்பளத்தை வாங்கின. அவற்றில் பெரும்பகுதியைச் சதுப்பாக்குவது திட்டம். 2006 மார்ச்சில் ஏ19, ஏ20, ஏ21 என்ற மூன்று பாத்திகளின் கரைகளை உடைத்துவிட்டார்கள். சேறு எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறியது. பழைய ஜிப்சம் படிவின் மேலேயே படிந்து, சில ஆண்டுகளில் செடிகள் வேர்விட்டன. கேட்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் அந்தச் சேறு எங்கிருந்தோ எடுக்கப்பட்டதுதான். கரையை உடைத்ததும் ஓதநீர் அதிகமாகப் போய்வருகிறது, ஓடைகள் அரிந்து அகலமாகின்றன, வெளியே உள்ள சேற்றுத்திட்டுகளிலிருந்தும் மண் இழுக்கப்படலாம். அந்தத் திட்டுகளில்தான் குளிர்காலக் கரைப்பறவைகள் மேய்கின்றன. ஒரு சதுப்பை வளர்க்க இன்னொரு வாழிடத்தைக் கரைக்கிறோமா என்ற கேள்வியைத் திட்டக்காரர்களே முதலிலிருந்து கேட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறக்காமல் கட்டம் கட்டமாகப் போனார்கள். பழைய பாதரசச் சுரங்கத்தின் கழிவு இறங்கும் குவாடலூப் ஆற்றருகே உள்ள ஏ8 பாத்தியில், தேவைப்பட்டால் மூடிக்கொள்ளும்படி மதகு வைத்த திறப்பையே அமைத்தார்கள். மாதிரியின் நிச்சயமின்மையை மதகாக மாற்றியது எனக்குப் பிடித்த முடிவு.

2016ல் குடாவைச் சுற்றியுள்ள ஒன்பது மாவட்ட மக்கள் மனை ஒன்றுக்கு ஆண்டுக்கு 12 டாலர் வரியை வாக்களித்து ஏற்றார்கள். 20 ஆண்டில் 50 கோடி டாலர் சீரமைப்புக்கு. பணம் வந்துவிட்டது. இனிச் சேறு வர வேண்டும். மேலே போட்ட மனக்கணக்கில் கலங்கலை 36 சதவீதம் குறைத்துப் பாருங்கள்: உயர்ந்த சதுப்பின் 7 மில்லிமீட்டர் 4.5 ஆகிறது. கோல்டன் கேட்டில் கடந்த நூற்றாண்டின் உயர்வு ஆண்டுக்கு 2 மில்லிமீட்டர் அளவு என்பதால் இன்றைக்கு ஆபத்தில்லை. உயர்வு ஆண்டுக்கு 10 மில்லிமீட்டரைத் தாண்டும் எதிர்காலங்களை மாதிரிகளில் ஓட்டும்போது, சதுப்பு நிலைக்குமா என்பதைக் கலங்கல் பற்றிய அனுமானம்தான் பெருமளவு தீர்மானிக்கிறது. கரையைச் சீக்கிரம் உடைப்பது நல்லது என்ற வாதத்துக்கு இதுதான் அடிப்படை. கடல் வேகமெடுப்பதற்குள் தரை உயர்ந்து செடி பிடித்துவிட வேண்டும்.

இதற்கிடையே கப்பல் வாய்க்கால்களிலும் துறைமுகங்களிலும் ஆண்டுதோறும் தூர் வாருகிறார்கள். மிகக் குறைந்த செலவில், சூழல் விதிகளுக்கு உட்பட்டுக் கொட்டுவதே மத்திய அரசின் விதி. அதனால் வாரிய சேற்றில் ஒரு பங்கு கோல்டன் கேட்டிலிருந்து சுமார் 50 கடல் மைல் தொலைவில் ஆழ்கடலில் போய் விழுகிறது. 2023 டிசம்பரில் பொறியாளர் படை வேறொன்றை முயன்றது. ரெட்வுட் சிட்டி துறைமுகத்தில் வாரிய சேற்றை ஈடன் லேண்டிங் சதுப்புக்கு எதிரே ஆழமற்ற நீரில் போட்டு, மிச்ச வேலையை அலையிடமும் ஓதத்திடமும் விட்டார்கள். குடாவின் சேற்று வரவு செலவில் அணைகளையோ மலைகளையோ நாளைக்கே மாற்ற முடியாது. தூர் வாரியது எங்கே போகிறது என்ற வரியை மட்டும் மாற்றலாம். அதற்குத் தடையாக இருப்பது நீரியல் அல்ல, கொட்டும் செலவைக் கணக்கிடும்போது சதுப்பின் மதிப்பை விட்டுவிடும் அந்த விதிதான்.